பதினோரு கழிச் சேறு

அந்த வருஷம் கீழைக்கழியில் நண்டு கட்டக் கயிறு போதவில்லை.

நண்டை உயிரோடு வெளியூர் அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு கொடுக்கையும் மடக்கிக் கட்டியாக வேண்டும். ஒரு நண்டுக்கு ஒரு முழம் கயிறு போகும். ஆடி பிறந்த பத்தாம் நாள் சங்கத்துக் கடையில் கயிற்றுக்கண்டு தீர்ந்தது. பெண்கள் பழைய வலைகளைப் பிரித்தார்கள். அதுவும் தீர்ந்தபோது சங்கத் தலைவி அஞ்சுகம் தன் வீட்டுத் துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

"துணி வேலியில காஞ்சிக்கும். நண்டு வேலியில நிக்குமா? வெட்டுங்கடி" என்றாள்.

தீனி அறை வாசலில் நின்று குணாளன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நண்டு பிடிப்பவன் அல்ல. தாய் நண்டுகளுக்குத் தீனி பிசைகிறவன். கூடை கூடையாகக் கரையேறும் ஒவ்வொரு நண்டையும் பார்க்கும்போது அவன் மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: இதெல்லாம் என் ரஞ்சனியின் நண்டு.

கடலில் தாய் நண்டு இல்லாமல் போய் அப்போது பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. களிநண்டு வளர்வது கழிச் சேற்றில். முட்டையிட மட்டும் பெட்டை ஆழ்கடலுக்குப் போகும். கடல் கொதித்த வருஷங்களில் அப்படிப் போன பெட்டைகள் திரும்பவில்லை, அவற்றின் குஞ்சுகளும் வரவில்லை. மிஞ்சியது கீழைக்கழிக் குஞ்சுப் பண்ணைதான். சிமெண்டுத் தொட்டிகளில் இருநூறு தாய் நண்டுகள். அவை பொரிக்கும் குஞ்சுகளை விரலளவு வளர்த்து, வளைகுடாவின் நடுவில் கொண்டுபோய் விடுவார்கள். வளைகுடாவில் வந்து சேரும் கழிகள் பதினொன்று. பதினோரு ஊரும் அந்தக் குஞ்சுகளை நம்பித்தான் இருந்தன. கீழைக்கழியில் மேட்டு நிலம் இருந்ததால் பண்ணை அங்கே அமைந்தது. குஞ்சு எல்லா ஊருக்கும் பொது என்பது பண்ணை கட்டும்போதே பேசி முடித்த பேச்சு.

சிவரஞ்சனி மீன்வளம் படித்துவிட்டு அந்தப் பண்ணைக்குத் தீனி உதவியாளராக வந்தவள். காற்றுக் குழாய் மோட்டார்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த குணாளனை, "நீங்க மோட்டாருக்கு எண்ணெய் விடற நேரமாப் பாத்துத்தான் எனக்கும் தண்ணி எடுக்கத் தோணுது" என்று தானே சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவள்.

அந்தக் காலத்தில் தாய் நண்டு சினைக்கு வர வேண்டுமென்றால் அதன் ஒரு கண்ணைத் தண்டோடு நறுக்கிவிடுவார்கள். உலகம் முழுக்க அதுதான் வழக்கம் என்றார்கள். சுட்ட கத்தரியால் ஒரு நறுக்கு. நண்டு எட்டுக் கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஒரு மாதத்தில் சினை பிடிக்கும். ரஞ்சனிக்கு அது ஆகவில்லை.

"கண்ணுத் தண்டுக்குள்ள ஒரு சுரப்பி இருக்குங்க. 'இப்ப வேண்டாம், பொறு'ன்னு உடம்புக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அதனாலதான் அறுக்கிறாங்க. ஆனா அது ஏன் பொறுன்னு சொல்லுது? பிள்ளைக்குக் குடுக்க வயித்துல ஒண்ணும் இல்லைன்னுதான். இருந்தா சொல்லாது" என்றாள்.

அந்த 'இருந்தா'வுக்கு ஆறு வருஷம் பிடித்தது. வேகவைத்த மட்டிச் சதை, கணவாய்த் தலை, இறால்தலைப் பொடி, மீன் எண்ணெய், பாசிப்பொடி, எல்லாம் உதிராமல் பிடிக்கக் கடல்பாசிக் கூழ். பிசைந்து, இடியாப்ப உழக்கில் பிழிந்து, இட்லிக் கொப்பரையில் வேகவைத்தாள். சத்து அத்தனையும் அதில் இருந்தது. நண்டுதான் தின்னவில்லை. கொடுக்கால் தூக்கி, வாயருகே கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எறிந்தது.

"மாமியார் வீட்டுச் சாப்பாடு மாதிரி பாக்குது பாரு" என்பான் குணாளன்.

"சிரிக்காதீங்க. அதுக்கு ஊரு ஞாபகம் வரணும்."

மறுநாள் கழியில் இறங்கி ஒரு வாளி சேறும் ஒரு கூடை அலையாத்தி இலையும் கொண்டுவந்து ஊறப்போட்டாள். ஐந்தாம் நாள் மேலே தெளிந்த சாற்றை இறுத்துத் தீனியில் சேர்த்தாள். கழிச்சாறு என்று பெயர் வைத்தாள். அன்று தொட்டியில் போட்ட தீனி ஒரு துண்டு மிஞ்சவில்லை. நாற்பதாம் நாள், இரண்டு கண்ணும் உள்ள ஒரு பெட்டை, வயிற்று மடலுக்குள் ஆரஞ்சுச் சுளையாய்ச் சினை பொதிந்து நின்றது. கண்ணறுக்கும் கத்தரியை ரஞ்சனி வீட்டுக்கு எடுத்துவந்து வாழைச் சருகு நறுக்க வைத்துக்கொண்டாள்.

அந்த முதல் குஞ்சுகளை வளைகுடாவில் விட்ட மாதமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காலில் கிளிஞ்சல் கீறிய புண்ணோடு சேற்றில் நின்றிருக்கிறாள். எலிக்காய்ச்சல் என்றார்கள். ஒன்பது நாள். அவள் விட்ட குஞ்சு நண்டாகிக் கரையேறியதை அவள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தீனி பிசையும் வேலையைக் குணாளன் எடுத்துக்கொண்டான். அடுத்த மூன்று வருஷமும் கீழைக்கழியில் நண்டு குவிந்தது.

கயிறு தீர்ந்த அந்த ஆடியில்தான் டாக்டர் நஸ்ரின் வந்தாள். கடல்தீனி வாரியத்தில் நண்டுப் பிரிவு. முப்பது வயது இருக்கலாம். வந்த அன்றே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டதால் அஞ்சுகத்துக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கவைக்கம்பு வடிவத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி கொண்டுவந்திருந்தாள். ஒரு கிளையில் கீழைக்கழித் தண்ணீர், மறு கிளையில் வேறொரு கழித் தண்ணீர். இரண்டு கிளையும் சேரும் அடிப்பக்கத்தில், பண்ணையில் பிறந்த குஞ்சு நண்டை விட்டாள். நண்டு நின்றது. மீசையை ஆட்டியது. கீழைக்கழித் தண்ணீர் வரும் பக்கம் நடந்தது. அடுத்ததும் அப்படியே. பத்தில் ஒன்பது அப்படியே.

"அண்ணே, இதுங்க பொறந்தது சிமெண்டுத் தொட்டியில. கழியை ஒரு நாளும் பார்த்ததில்ல. எப்படித் தெரியுது?"

"நண்டுக்குத் தெரியாதா மேடம்?"

"தெரியாது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "தாய் திங்கிறது முட்டையோட மஞ்சக்கருவுல இறங்குது. குஞ்சு முட்டைக்குள்ள இருக்கும்போதே அதைத் தின்னுதான் வளருது. அதுதான் அதுக்கு முதல் ருசி. பெரிசானதும் அந்த ருசி எந்தத் தண்ணியில கரைஞ்சு வருதோ அங்க ஏறும். உங்க வீட்டம்மா தீனியில உங்க கழியையே கரைச்சுக் குடுத்திருக்காங்க."

குணாளன் குனிந்து கண்ணாடித் தொட்டிக்குள் பார்த்தான்.

"அவங்களுக்கு இது தெரியுமாண்ணே?"

"இல்ல. நண்டு திங்கணுமேன்னுதான் போட்டா."

"தெரியாமப் போட்டதா இருந்தாலும் இதை உலகத்துல வேற யாரும் செய்யல. வாரியத்துல பதிவு பண்ணுவோம். கண்டுபிடிச்சவங்க பேரையே வைக்கலாம். சிவரஞ்சனி தீனி. இந்தக் கடற்கரையில எத்தனை பண்ணை இருக்கோ அத்தனையும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்கும்."

அன்று சாயங்காலம் குணாளன் சட்டையை மாற்றிக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் சும்மா நடந்துபோய்த் திரும்பினான். வாங்க ஒன்றும் இல்லை. யாராவது என்ன விசேஷம் என்று கேட்பார்கள் என்று போனான். ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேரிடமும் முதலிலிருந்து சொன்னான்.

புறப்படும்போது நஸ்ரின் ஒரு கேள்வி கேட்டாள். "மத்த கழிகள்ல பிடிப்பு எப்படிண்ணே?"

"நல்லாத்தான் இருக்கும் மேடம். ஒரே வளைகுடாதானே."

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எதிர்க்கரைப் படகுகள் இந்தப் பக்கம் வருவது இரண்டு வருஷமாகக் குறைந்திருந்தது. ஏதோ கோபம் என்றார்கள். எதற்குக் கோபம் என்று கீழைக்கழியில் யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

பெயர் சூட்டும் நாளுக்கு ஊர்ச் சாப்பாடு என்று சங்கம் முடிவு செய்தது. ரஞ்சனியின் தங்கை பவானியை நேரில் அழைக்காமல் முடியாது. குணாளன் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் எடுத்துக்கொண்டு வடகரையில் இருக்கும் வெள்ளாங்கழிக்குப் படகேறினான். ரஞ்சனியின் காரியத்துக்குப் பிறகு அங்கே போவது இதுதான் முதல் தடவை.

கரையில் ஒரு கூடை இல்லை. நண்டுப் பொந்தைக் குத்தும் நீளக் கம்பிகள் வீட்டுக்கு வீடு புடலங்கொடிக்குப் பந்தல்கால்களாக நின்றன. பவானி வாசலில் உட்கார்ந்து கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, பெரிய மனுஷரு! வழி தெரிஞ்சுதா? இல்ல, நண்டு கூட்டிக்கிட்டு வந்துச்சா?"

"தீனிக்கு உங்கக்கா பேரு வைக்கறாங்க புள்ள. கவர்மெண்டே வைக்குது. நீ வந்து முன்னால நிக்கணும்."

அவள் தட்டை வாங்கக் கையை நீட்டினாள். வாங்காமல் நிறுத்திக்கொண்டாள். அந்தக் கையை அவன் பார்த்தான். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, ஊறிப்போன காகிதம் மாதிரி இருந்தது.

"என்ன புள்ள இது?"

"இறால் கம்பெனி. ஐஸ் தண்ணியில மருந்து போட்டு வச்சிருப்பான். எட்டு மணி நேரம் உரிக்கணும். இந்த ஊருல எல்லாக் கையும் இப்ப இந்தக் கலர்தான்."

வளைகுடாவில் பவானி கைக்கு ஒரு பெயர் இருந்தது. சேற்றுப் பொந்துக்குள் தோள் வரை கையை விட்டு, உள்ளே இருப்பது ஆணா பெட்டையா, ஓடு கெட்டியா, இப்போதுதான் தோல் உரித்ததா என்று வெளியே எடுக்காமலே சொல்லுவாள். பதினோரு ஊரிலும் அப்படிச் சொல்லும் கை அது ஒன்றுதான்.

"நண்டுக்குப் போறதில்லையா?"

"நண்டு எங்க இருக்கு மாமா? பொந்து இருக்கு. பூட்டிப் போட்ட வீடாட்டம். மூணு வருஷமா கையை விட்டு விட்டுப் பாத்தோம், வெறும் தண்ணி. நீங்க நடுவுல விடற குஞ்சு எங்கதான் போவுதோ! உங்க ஊருக்காரிங்களைக் கேட்டா, எங்களுக்குப் பிடிக்கத் தெரியலையாம். எனக்கு! பிடிக்கத் தெரியலையாம்!"

கண்ணாடித் தொட்டியில் மீசையை ஆட்டிவிட்டு ஒரே பக்கமாக நடந்த நண்டுகள் குணாளன் கண்முன் வந்தன. பத்தில் ஒன்பது. மீதி ஒன்றைப் பத்து ஊர் பங்கு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"அக்கா இருந்தா இப்படி விட்டிருக்க மாட்டா" என்றாள் பவானி.

சொல்லாமலே திரும்பிவிடலாம். பெயர் வைக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தட்டைத் தரையில் வைத்தான்.

"அக்கா செஞ்சதுதான் புள்ள."

முழுக்கச் சொன்னான். கழிச்சாறு, மஞ்சக்கரு, முதல் ருசி, எல்லாம். தெரிந்து செய்ததில்லை என்பதை இரண்டு தரம் சொன்னான். பவானி கேட்டுக்கொண்டே கையில் தடவிய எண்ணெயை முந்தானையில் துடைத்தாள். கடைசியில் வெற்றிலைத் தட்டை மெதுவாக அவன் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க மாமா. அக்கா மேல எனக்கு வருத்தமில்ல. அவளுக்குத் தெரியாது. ஆனா உங்களுக்கு இப்பத் தெரியும். அந்தச் சாப்பாட்டுல நான் கை நனைக்க முடியாது."

திரும்பும் வழியெல்லாம் குணாளன் தனக்குள் வாதாடிக்கொண்டு வந்தான். கரையில் இறங்கும்போது வாதம் தீர்ந்திருந்தது. மறுநாள் காலை சங்கக் கொட்டகையில் பெண்களைக் கூட்டிச் சொன்னான்: இந்த வருஷத்திலிருந்து கழிச்சாற்றுக்குப் பதினோரு கழிச் சேறும் சேர வேண்டும், சரி பங்காக.

கொட்டகை கொதித்தது.

"ஏந்தம்பி, வெயில் பட்டுடுச்சா உனக்கு?" என்றாள் அஞ்சுகம். "வர்ற மகாலட்சுமிக்கு அடுத்த வீட்டு வழியைக் காட்டறியே!"

"எங்க பிள்ளைங்க இப்பத்தான்ணே காலேஜ் வாசலைப் பாக்குது" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

"ஆறு வருஷம் சேத்துல நின்னவ உம் பொண்டாட்டி. அந்தச் சேத்துலயே போனவ. எதுக்காக? நம்ம கழிக்காகத்தான?" என்றாள் அஞ்சுகம்.

"நண்டுக்காக, அக்கா" என்றான் குணாளன்.

அஞ்சுகம் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"அவ பேரு ஊரூரா போகணும்னு என்னைவிட யாருக்கு ஆசை? ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்தத் தீனி எல்லாப் பண்ணைக்கும் போகும். ஒவ்வொருத்தனும் தன் கழிச் சேத்தைப் போடுவான். பண்ணை கட்ட வசதி உள்ளவன் கழிக்கு நண்டு ஏறும். இல்லாதவன் பொந்து காலியாக் கிடக்கும். அந்தக் காலிப் பொந்துக்கெல்லாம் என்ன பேரு சொல்லுவாங்க? சிவரஞ்சனி தீனின்னுதான் சொல்லுவாங்க." இடுப்பிலிருந்த சாவியைக் கையில் எடுத்தான். "நேத்து பவானி கையைப் பாத்தேன். அவ கையைப் போயி நீங்களே பாத்துட்டு வாங்க. அதுக்கப்புறம் வேண்டாம்னா, தீனி அறைச் சாவியை இங்க வச்சிடறேன்."

பவானியோடு சேற்றில் இறங்கிப் பழகியவர்கள்தான் அங்கே பாதிப்பேர். அஞ்சுகம் எழுந்து வெளியே போனாள், வெற்றிலையைத் துப்பினாள், திரும்பி வந்தாள்.

"கலக்கித் தொலை. ஒரு நண்டு கொறைஞ்சாலும் உன்னைத்தான் கட்டிக் கூடையில வச்சு ஏத்துமதி பண்ணுவேன்."

நஸ்ரின் பதிவுப் படிவத்தோடு வந்தபோது விஷயத்தைச் சொன்னான். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"கலப்புச் சேறுன்னா பதிவு பண்ண முடியாதுண்ணே. ஒரு கழின்னா ஒரு குணம், எழுதிக் காட்டிடலாம். பதினொண்ணு கலந்தா வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரே மாதிரி நிக்காத பொருளுக்கு வாரியம் பேர் வைக்காது. பழையபடியே ஒரு கழியை மட்டும் எழுதினா இன்னைக்கே முடிஞ்சிடும்."

படிவத்தின் மேலே அவன் மனைவியின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. முன்னெழுத்தோடு, தப்பில்லாமல். குணாளன் அதை ஒரு தரம் விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு தாளை அவள் பக்கமே நகர்த்தினான்.

"வேண்டாம் மேடம். நீங்க நல்லா இருங்க."

புரட்டாசியில் பதினோரு ஊர்ப் பெண்களும் தங்கள் தங்கள் சேற்றோடு கீழைக்கழிக்கு வந்தார்கள். ஒருத்தி குடத்தில் கொண்டுவந்தாள், ஒருத்தி பெயிண்ட் டப்பாவில். பவானி எவர்சில்வர் தூக்கில். சேற்றுக்கு என்ன சிங்காரம் என்று அவளைக் கேலி செய்தார்கள்.

குணாளன் தராசோடு உட்கார்ந்திருந்தான். ஒரு கழிக்கு நானூறு கிராம். பதினொன்றும் சேர்ந்தால் ரஞ்சனி அளந்து ஊறப்போடும் ஒரு வாளி; அதற்கு மேல் போனால் தீனி வேகும்போது வெடித்து உதிரும் என்று அவள் சொல்லுவாள்.

ஆனால் தராசுப் பக்கம் ஒருத்தியும் வரவில்லை. அம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது அவரவர் வீட்டு மாவை அவரவர் கையால்தான் அண்டாவில் போட வேண்டும், அடுத்தவர் அளந்தால் சாமிக்கு ஆகாது. அந்தக் கரை முழுக்க அதுதான் முறை. சேறும் ஊர்ப் பொதுவில் சேருவதுதானே என்று பெண்கள் வரிசையாக வந்து கண்ணை மூடிக் கும்பிட்டுத் தொட்டியில் போட்டார்கள். அவன் தராசைத் தூக்கிக் காட்டினான்.

"அட, போங்கண்ணே! எங்க கைக்குத் தெரியாதா நானூறு?"

கடைசியாகக் கீழைக்கழிச் சேற்றைக் குணாளன் தராசில் வைத்தான். தட்டு கொஞ்சம் தாழ்ந்தது. விரலால் ஒரு பிசிறு எடுத்தான். முள் நானூற்றில் நின்றது. போட்டான்.

அந்த வருஷம் தீனி ஏனோ கொப்பரையில் உதிர்ந்தது. கடல்பாசிக் கூழைக் கூட்டிச் சமாளித்தான். தாய் நண்டுகள் மீசையை வெகுநேரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, தின்றன. சினை கறுத்துப் பொரிக்கும் வரைக்கும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பொரித்தது. குஞ்சுகளை நடுவளைகுடாவில் விட்டார்கள். சருகு தூவினாற்போல் சிறிது நேரம் மிதந்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல் மறைந்தன.

அடுத்த ஆடியில் முதலில் வந்தது பவானிதான். படகு கரை தட்டுமுன்பே குதித்து ஓடி வந்தாள். வலது கட்டைவிரலில் பெரிய துணிக்கட்டு.

"பாருங்க மாமா! கடிச்சிருக்கு! பொந்துக்குள்ள கையை விட்டேன், ஒரே கவ்வு! ஆணு! முக்காக் கிலோ!" கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

பதினோரு கழியிலும் நண்டு ஏறியிருந்தது. நஸ்ரின் பத்து நாள் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தாள். முடிவைச் சொல்ல எல்லா ஊர்ப் பெண்களையும் சங்கக் கொட்டகைக்கு வரச் சொன்னாள்.

"எல்லாக் கழியிலயும் பிடிப்பு இருக்கு. ஆனா சமமா இல்ல. வெள்ளாங்கழி முதல்ல. எல்லாத்துக்கும் கீழ..." அவள் தயங்கினாள். "கீழைக்கழி."

கீழைக்கழிப் பெண்கள் பக்கமிருந்து ஒரே கூச்சல். குணாளன் தலையைக் குனிந்துகொண்டான்.

"காரணம் சேறுதான். ஊறவச்ச தொட்டியில மிச்சம் இருந்ததைச் சோதிச்சேன். ஒவ்வொரு கழிச் சேத்துக்கும் தனித்தனிக் குணம், எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லிடலாம். கீழைக்கழி, நானூறு கிராம். மத்த ஊரெல்லாம் அறுநூறு, எழுநூறு, எண்ணூறு. வெள்ளாங்கழி, ஆயிரத்து நூறு."

கொட்டகை முழுக்கப் பவானி பக்கம் திரும்பியது.

"அம்மனுக்குப் போடும்போது ஒரு கை கூடுதலாப் போடறதில்லையா? அந்தப் பழக்கத்துல..." என்றாள் அவள்.

"ஆயிரத்து நூறு ஒரு கையாடி? மொறத்துல வாரிப் போட்டியா?"

"நீ மட்டும் என்னவாம், எழுநூறு!"

"எங்க ஊருச் சேறு கனம்!"

ஒருத்தியை ஒருத்தி குத்திக் காட்டி, சிரித்து, ஓய்ந்தார்கள். அப்போது அஞ்சுகம் எழுந்தாள். தன்னைக் கூடையில் வைத்துக் கட்டும் நேரம் வந்துவிட்டது என்று குணாளன் நினைத்தான்.

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்றாள் அஞ்சுகம். "பதினோரு ஊரு வந்துச்சு. பத்து ஊரு வாரிப் போட்டுச்சு. ஒரு ஊருதான் அளந்து போட்டுச்சு. அது எந்த ஊரு?"

பத்து ஊர்ப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

"கொறைஞ்ச நண்டை வச்சுக்கிட்டுச் சொல்றேன், எங்க ஊருடி! ரஞ்சனி சொன்ன அளவுல ஒரு ஊருப் பங்கு நானூறு. அவ போயி நாலு வருஷம் ஆச்சு. யாரும் அளக்காத எடத்துலயும் அவ அளவு ஒரு பிசிறு மாறல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இனிமே சாமி பழக்கமெல்லாம் கூழோட. சேத்துக்கு ரஞ்சனி அளவுதான். வர்ற வருஷம் நானே தொட்டிகிட்ட நிப்பேன். எவ குவிச்சுப் போடறான்னு பாக்கறேன்."

"சரிக்கா" என்று முதலில் சொன்னது பவானி.

தராசை நம்பினால் முள் பார்ப்பதில் சண்டை வரும் என்று, நானூறு கிராம் சேறு தலைதட்டிப் பிடிக்கும் அளவில் பதினோரு தகரக் குவளை செய்து ஊருக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். முதல் வருஷம் அதை ரஞ்சனி அளவு என்றார்கள். அடுத்த வருஷம், ரஞ்சனிக் குவளை. அதற்குப் பிறகு பேச்சு வாக்கில் குவளையும் உதிர்ந்துவிட்டது. எங்க ஊரு ஒரு ரஞ்சனி போட்டாச்சு, உங்க ஊருது எங்கே என்று தொட்டியருகே கேட்கும் குரல் குணாளனுக்கு முதலில் உடம்பைச் சிலிர்க்க வைத்தது. பிறகு பழகிவிட்டது. பழகியது இன்னும் நன்றாக இருந்தது.

தீனி வளைகுடா தாண்டிப் போயிற்று. வாரியம் பதிவு செய்யாததால் அதை யாரும் விலைபேசவில்லை. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு வாய்வழியாகவே போனது. எங்கே போனாலும் அந்தப் பக்கத்துக் கழிகள் எல்லாம் சேர்ந்து, கழிக்கு ஒரு ரஞ்சனி என்றே போனது. கண்ணறுத்த நண்டை இப்போது எங்கேயும் பார்க்க முடியாது.

போன மாசம் வடக்கே ஏதோ ஒரு முகத்துவாரத்திலிருந்து இளவயதுப் பெண் ஒருத்தி, தீனி பிசையும் பக்குவம் கேட்டு வந்திருந்தாள். குணாளன் உழக்கில் மாவை அடைத்துக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டாள்.

"ஒரு சந்தேகம்ணே. ஒரு ரஞ்சனின்னா சரியா எத்தனை கிராம்? எங்க பக்கம் சிலபேரு குவிச்சு அளக்கறாங்க."

"நானூறு. குவிக்கக் கூடாதும்மா. மேல வழிச்சு விடணும்."

"வழிச்சாத்தான் ரஞ்சனியா?"

"வழிச்சாத்தான் ரஞ்சனி."

அவள் அதையும் குறித்துக்கொண்டாள். அது ஒரு மனுஷியின் பெயர் என்று அவளுக்குத் தெரியாது. குணாளன் சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. உழக்கை அழுத்தினான். தீனி இழை அறாமல் இறங்கியது.